நோவு சொல்லாத வருஷம்

மேட்டூரில் மதகை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த சில நாளுக்கெல்லாம் காவிரி மெலிந்துவிடும். கொள்ளிடம் அதற்கு முன்பே வற்றிப்போய், கரைக்குக் கரை மணல் வெளுத்துக் கிடக்கும். மாம்பழச்சாலை லாரிக்காரர்களுக்கு அதுதான் வருஷப் பிறப்பு. ஆற்றுக்குள் வண்டியை இறக்குவதற்கு முன்னால் அவர்கள் ஒன்று கூடி, ஒரு நடைக்கு என்ன கூலி என்று முடிவு செய்வார்கள். செல்லக்கண்ணுவின் டீக்கடை வாசலில் கிடக்கும் இரண்டு பெஞ்சும், அவை நிரம்பிவிட்டால் நிற்கிற வண்டிகளின் பம்பரும்தான் சபை.

கொள்ளிடத்தில் மணல் ஏற்றி, திருவானைக்காவல் வழியே வந்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஊரைக் கடந்து தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூர் வரை கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தால் அது ஒரு நடை. அறுபதுகளின் ஆரம்பத்தில் அந்தப் பக்கம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாத இடம் கிடையாது. பெரிய ஆலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வேலைக்காரர்களுக்கு வீடு, வீட்டுக்கு ரோடு, ரோட்டுக்குச் சாக்கடை. எத்தனை லாரி மணல் கொட்டினாலும் விழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்றது அந்தப் பூமி.

விலை பேசுவதில் இவர்களுக்கு ஒரு முறை இருந்தது. இருப்பதிலேயே பழைய வண்டி எவனுடையதோ அவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். தொகையை மட்டும் சொன்னால் போதாது. வண்டியின் வியாதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு அப்புறம் விலையைச் சொல்ல வேண்டும். இதற்கு நோவு சொல்வது என்று பெயர். அந்தக் கிழட்டு வண்டி எந்தக் கூலியில் பிழைக்குமோ அந்தக் கூலியில் மற்ற வண்டிகள் எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். சொன்ன விலைக்கு எல்லோரும் டீயைக் குடித்துவிட்டால் தீர்ந்தது. ஆடியில் புதுத்தண்ணீர் வரும்வரை அதற்கு மேலே ஒருத்தன் கேட்கமாட்டான், கீழே ஒருத்தன் இறங்கமாட்டான். நடுவில் அந்தப் பழைய வண்டியே கட்டுபடியாகாமல் நின்றுவிட்டால் மட்டும் விலை முறிந்துபோகும். மறுபடி கூடுவார்கள்.

பழைய வண்டி மீரானுடையது. உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. பச்சை நிறத்தின் மேல் நீலமும், நீலத்தின் மேல் சிவப்பும் அடித்து, எல்லாம் உரிந்து, இப்போது அதற்கு இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. கடையில் அதற்குப் பெயர் சுபேதார். வருஷா வருஷம் மீரான் நோவு சொல்வதைக் கேட்கவே வேலையில்லாதவர்கள்கூட வந்து உட்காருவார்கள். ரேடியேட்டர் ஒழுகலை அவன் சளி என்பான். முதல் கியர் விழாமல் முரண்டு பண்ணுவதை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்பான். போன வருஷம் அவன் சொல்லி முடித்ததும், “ஏன் பாய், வண்டியை இங்கேயே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பட்டுமா?” என்று செல்லக்கண்ணு கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சிரிப்புக்குள்ளேயே நடைக்கு இருபத்திரண்டு ரூபாய் என்று விலை முடிந்தது.

இந்த மாசியில் சிரிப்பு இல்லை. ஆலைக்கு மணல் குத்தகை எடுத்தவரின் ஆள் ரங்கசாமி, முதல் நாளே வந்து பதினேழு ரூபாய் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டுபடியாகாவிட்டால் வெளியூர் வண்டிகளை இறக்குவாராம். அதிலும் டிப்பர்கள். பின்புறம் தானாகத் தூக்கிக் கொட்டிவிடும். மணல் தள்ள ஆள் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். மாம்பழச்சாலையிலேயே ராமர் தவணைக்கு ஒரு டிப்பர் எடுத்து, பொங்கலன்று மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவனுக்குப் பதினேழு கட்டும். ஆனால் வழக்கம் வழக்கம்தான். பழைய வண்டி பேசட்டும் என்று அவனும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

மீரான் முதல் நாள் இரவே மனத்துக்குள் கூட்டிக் கழித்து வைத்திருந்தான். இந்த வருஷம் சுபேதாருக்கு நோவு ஜாஸ்தி. பின்பக்க டயர் இரண்டும் நூல் தெரிந்துவிட்டன. எஞ்சின் எண்ணெயைக் குடித்தது. இருபத்துநாலுக்குக் கீழே ஒரு ரூபாய் குறைந்தாலும் வண்டி ஓடாது. ரங்கசாமி குதிப்பார், கொஞ்ச நாள் வண்டிகள் சும்மா நிற்கும், பிறகு நடுவில் எங்காவது வந்து படியும். அப்படித்தான் வருஷா வருஷம் படிந்திருக்கிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தபோதுதான் சமயபுரம் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து தாஜுதீன் இறங்கினார்.

செம்பட்டில் தோல் மண்டி வைத்திருக்கும் தாஜுதீன். மீரானின் மகள் கமர் ஜஹானைத் தன் மகனுக்குக் கேட்டு, வெற்றிலை பாக்கு மாற்றி, பக்ரீது கழித்து நிக்காஹ் என்று பேசி வைத்திருக்கும் சம்பந்தி. கையில் ஒரு மஞ்சள் பையோடு, தாடையில் ஒரு துண்டை வைத்து அழுத்திக்கொண்டு இறங்கியவர், மீரானைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க பேசுங்க ராவுத்தரே. நான் ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்.”

மீரான் அவருக்கு ஒரு டீ சொன்னான்.

கமருக்கு இதற்கு முன்னால் ஓர் இடம் கூடி வந்து கலைந்திருந்தது. ஐப்பசி முழுக்க வண்டி பட்டறையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், வாழ்கிற வீட்டில்தான் பெண் எடுப்போம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். மீரானின் மனைவி ரோஷன் பேகம் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. கமர் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, நூல் கோக்காமலே வெகுநேரம் மிதித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வந்த இடம் இது. தாஜுதீன் வீட்டுக்குப் போய்ப் பேசியபோது மீரான் முதல் வேலையாகச் சொன்னது, வண்டிக்கு எஞ்சின் இறக்கி வேலை பார்த்தாகிவிட்டது, இனி பத்து வருஷத்துக்குப் பார்க்க வேண்டாம் என்பதுதான்.

இப்போது அந்த மனுஷர் எதிரே உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருக்கும்போது, டயர் நூல் தெரிகிறது, எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

“ஆரம்பிங்க பாய்,” என்றான் பிச்சமுத்து. அவனுடைய வண்டி, வயசில் சுபேதாருக்கு அடுத்தது. மீரான் சொல்கிற விலைக்கு மற்ற எவரையும்விட அதிகமாகக் காது கொடுக்க வேண்டியவன் அவன்தான். “சளி எப்படி இருக்கு?”

“சளியெல்லாம் இல்லை,” என்றான் மீரான். “இந்த வருஷம் நோவு ஒண்ணும் இல்லை. எஞ்சின் இறக்கி ஏத்தியாச்சு.”

செல்லக்கண்ணு ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“அப்ப விலை?”

இருபது என்று சொல்லத்தான் நினைத்தான். அதுவே நஷ்டம். தாஜுதீன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். நோவே இல்லாத வண்டிக்கு இருபது எதற்கு?

“பதினெட்டு,” என்றான்.

அதிகம் கேட்டால் விடமாட்டார்கள். சொன்ன நோவு உண்மைதானா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். குறைத்துச் சொன்னால் யார் சந்தேகப்படுவது? தனக்கு நஷ்டமாக ஒருத்தன் பொய் சொல்வான் என்று யாருக்குத்தான் தோன்றும்? ராமர்தான் முதலில் டீயை எடுத்தான். சுபேதாருக்கே பதினெட்டு கட்டுகிறதென்றால் நமக்கென்ன என்று மற்றவர்களும் எடுத்தார்கள். பிச்சமுத்து மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு மீரானைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “கிழவனுக்கு வாலிபம் திரும்பிடுச்சு. நாம எல்லாம் என்ன பேச?” என்று குடித்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மீரான் நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் இருந்த தன் வீட்டுக்கு வந்து, கால் கழுவாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ரோஷன் பேகம் விஷயத்தை அவன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும், உள்ளே மிஷின் சத்தம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

“ஆறு ரூபாய் கையை விட்டுப் போகுமா, ஒவ்வொரு நடைக்கும்?”

“போகும்.”

“நிறுத்திட்டா?”

“நிறுத்தினா விலை முறியும். ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. செம்பட்டு என்ன சீமையா? மறுநாளே சேதி போயிடும்.”

அவள் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “நிக்காஹ் வரைக்கும் ஓடட்டும்ங்க. என்னுது இருக்குல்ல. அவளைக் கையைப் புடிச்சுக் குடுத்த மறுநாள் நிறுத்திடுங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

இந்த நஷ்டம் தங்களோடு போகும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். மற்றவர்களுடைய வண்டிகளெல்லாம் இதைவிட நல்ல வண்டிகள். எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

பங்குனியில் ஆற்றுக்குள் இறங்கினால் கண்ணைத் திறக்க முடியாது. மணலிலிருந்து வெக்கை எழும்பி முகத்தில் அறையும். சக்கரம் புதையாமல் இருக்க வைக்கோலும் வாழை மட்டையும் பரப்பித் தடம் போட்டிருப்பார்கள். அந்தத் தடத்தின் மேல் பாரத்தோடு வந்து கரையேறுவதுதான் வண்டிக்கும் டிரைவருக்கும் சோதனை. மீரான் இறங்கிப் பின்டயரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். டயர் வெடிக்காமல் மேலே வந்துவிட்டால் இன்னொரு நாள் பிழைத்தது. ரோஷன் பேகத்தின் சங்கிலி சித்திரைக்கு முன்னாலேயே கரைந்துபோய், வளையலுக்கு வந்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் மணல் ஏற்ற ஆள் வரக் காத்திருந்தபோது, பிச்சமுத்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மீரானின் வண்டி நிழலுக்கு வந்து உட்கார்ந்தான். வழக்கமாகச் சட்டியைத் திறந்ததும் மனைவி ராசாத்தியின் குழம்பைப் பற்றி ஏதாவது சொல்வான். அன்று பேசாமல் பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள ஒரு பச்சை மிளகாய் மட்டும்.

“பாய், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“ஒரு நடைக்கு உங்களுக்கு எத்தனை காலன் டீசல் புடிக்குது?”

தூரத்தில் ராமரின் டிப்பர் வெறும் வண்டியாக ஆடிக்கொண்டே தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. மூணேகால் என்று சொன்னால் போதும்; மீதியைப் பிச்சமுத்துவே புரிந்துகொள்வான். ஆனால் பிச்சமுத்து நாக்கு நிற்காத மனுஷன். இங்கே கேட்டதைச் செல்லக்கண்ணு கடையில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பக்ரீதுக்கு இன்னும் நாள் கிடந்தது.

“ரெண்டரை,” என்றான் மீரான்.

“ரெண்டரையா?”

“முன்னே பின்னே இருக்கும்.”

பிச்சமுத்து மிளகாயைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். “எனக்கு மூணு காலன் போகுது பாய். உங்களைவிட மூணு வருஷம் சின்ன வண்டி. நானும் ஓட்டிப் பாத்துட்டேன், மெதுவா ஓட்டிப் பாத்துட்டேன், இறக்கத்துல ஆஃப் பண்ணிப் பாத்துட்டேன். மூணுதான். ராசாத்தி காதுத் தண்டட்டி போன வாரம் அடகுக் கடைக்குப் போயிடுச்சு. உங்களுக்குக் கட்டுது, எனக்கு ஏன் கட்டலை?”

“பம்பைப் பாரு. ஒழுகுதோ என்னமோ.”

“பம்பு நல்லாத்தான் இருக்கு.” அவன் சட்டியை மூடிவிட்டு எழுந்தான். “அப்ப வேற எங்கேயோ ஓட்டை இருக்கு.”

அவன் தேடிய ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது என்று அவன் முடிவு கட்டியது பிற்பாடுதான் மீரானுக்குத் தெரிந்தது. பிச்சமுத்துவின் வண்டியில் அவனோடு மாற்றி மாற்றி ஓட்டியவன் அவன் மைத்துனன் வெள்ளைச்சாமி. ராசாத்திக்கு ஒரே தம்பி. மருங்காபுரியில் மழை பொய்த்து, காடு காய்ந்து, அக்காளை நம்பி வந்தவன். முப்பது வயசு ஆள்; அதிகம் பேசமாட்டான்; டீசல் பிடிப்பது, எண்ணெய் மாற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. பிச்சமுத்து தினமும் டாங்கில் குச்சி விட்டு அளக்க ஆரம்பித்தான். காலையில் ஒரு அளவு, திரும்பி வந்ததும் ஒரு அளவு. குச்சி சொன்னது மூணு காலன். மீரான் பாய் சொன்னது ரெண்டரை. மீதி அரைக் காலன் எங்கே போகிறது?

பங்குனித் தேருக்கு அடுத்த வாரம், பங்க் வாசலில் நாலு பேர் பார்க்க, டீசலை எங்கே விற்கிறாய் என்று பிச்சமுத்து அவனைக் கேட்டுவிட்டான். வெள்ளைச்சாமி மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சாவியை எடுத்து வண்டி மூக்கின் மேல் வைத்தானாம். “அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றானாம். ஆனால் அக்காளிடம் போகவில்லை. பாலத்தின் மேல் டவுன் பக்கமாக நடந்து போனதைச் செல்லக்கண்ணு பார்த்திருக்கிறார். ஜங்ஷனில் ரயில் ஏறினான் என்று ஒருத்தர் சொன்னார். ராசாத்தி மருங்காபுரிக்குப் போய்த் தேடிவிட்டு வந்தாள். அங்கே அவன் வரவில்லை.

இதைக் கேட்ட அன்று மீரான் திருவெறும்பூரில் மணலைக் கொட்டிவிட்டு, அடுத்த நடைக்கு ஆற்றுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். நாளைக்கே நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னான். ரோஷன் பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே கமர் தன் கல்யாணத் துப்பட்டாவுக்கு ஜரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க,” என்றாள். “நிறுத்தாதீங்கன்னு சொல்லவும் வரலை.”

மறுநாள் காலையில் மீரான் வண்டியை எடுத்தான். கூடையில் அவனுக்கு இட்டிலி இருந்தது. அன்று அவன் அதைத் திறக்கவில்லை.

நிக்காஹ் குறையில்லாமல் நடந்தது. பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில் பாய் விரித்து, பந்தலில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆட்டுக்கறியும் மணக்க, மாம்பழச்சாலை மொத்தமும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டது. பிச்சமுத்து ஒரு பித்தளைக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாக வந்தான். ராசாத்திக்கு உடம்பு சரியில்லை என்றான். அவன் வண்டி போன வாரம்தான் பழைய இரும்புக்காரனுக்குப் போயிருந்தது. இப்போது ராமரின் டிப்பருக்குச் சம்பள டிரைவர்.

பந்தி ஓய்ந்த பிறகு தாஜுதீன் மீரானின் கையைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை போட உட்கார்ந்தார். மனுஷர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்றார். பேச்சு வாக்கில் மீரான் கேட்டான்:

“அன்னைக்கு மாம்பழச்சாலைல நாங்க விலை பேசினப்போ வந்தீங்களே சம்பந்தி. என்ன நினைச்சீங்க?”

“எந்த அன்னைக்கு?” தாஜுதீன் யோசித்துப் பார்த்தார். “ஓ, அதுவா. அன்னைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லுல உசுரு போற வலி. சமயபுரத்துல கிராம்புத் தைலம் வெச்சுக்கிட்டு வந்தேன். நீங்கள்லாம் என்ன பேசினீங்க, யாரு பேசினாங்க, ஒண்ணும் காதுல ஏறலை. ஏன், நம்ம விஷயம் ஏதாவது பேசினீங்களா?”

இல்லை என்று மீரான் தலையசைத்தான். பிறகு கொஞ்ச நேரம் அந்தத் தலையை அவனால் நிமிர்த்த முடியவில்லை. மகளைப் பிரிகிற துக்கம் என்று தாஜுதீன் நினைத்துக்கொண்டு, அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாளே அவன் சுபேதாரைக் கடைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, இனி கட்டாது என்று சொல்லிவிட்டான். விலை முறிந்தது. எல்லோரும் கூடினார்கள். இந்தத் தடவை அவன் நோவு சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். முதலில் யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இத்தனை நோவோடு எப்படிப் பதினெட்டுக்கு ஓட்டினாய் என்று செல்லக்கண்ணு கேட்டார். அங்கே சொல்ல வேண்டிய பதில் இல்லை அது. ரங்கசாமி முணுமுணுத்துக்கொண்டே இருபத்துமூணுக்குச் சம்மதித்தார். கோடையில் வேலை பாதியில் நிற்கும்போது அவருக்கும் வேறு வழி இல்லை. வெளியூர் டிப்பர்கள் வரவே இல்லை.

மீரான் அங்கிருந்து நேரே திருவானைக்காவலுக்கு நடந்தான். பிச்சமுத்துவின் வீடு மதிலுக்கு வெளியே தென்னந்தோப்பை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. உச்சி வெயில். டிப்பருக்குச் சக்கரம் கழற்றியிருந்ததால் பிச்சமுத்து சாப்பிட வந்திருந்தான். பாயைக் கண்டதும் பலகையை இழுத்துப் போட்டான்.

“வாங்க பாய், வாங்க. ராசாத்தி, இன்னொரு தட்டு வை.”

“சாப்பிட வரலை பிச்சை.”

“சாப்பாட்டு நேரத்துல வந்துட்டு என்ன பேச்சு இது. உட்காருங்க.”

மீரான் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று பயந்தவன்போல ஒரே மூச்சாகச் சொன்னான். சம்பந்தி பஸ்ஸிலிருந்து இறங்கியது, நோவு இல்லை என்றது, பதினெட்டு என்றது, ரோஷன் பேகத்தின் சங்கிலி போனது, வளையல் போனது. ஆற்றுக்குள் அன்றைக்கு ரெண்டரை என்று சொன்னதும் பொய் என்று சொன்னான்.

பிச்சமுத்து கையில் எடுத்த கவளத்தோடு கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. முடிந்ததும் கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

“நீங்க எதுக்கு இதைச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும் பாய்.”

“எதுக்கு?”

“ராமரும் இப்படித்தான். அவனுக்கும் இந்த வருஷம் நஷ்டம்னு வந்து சொல்றான். அவனுக்கு என்ன நஷ்டம்? வண்டி போயிடுச்சேன்னு நான் மனசு விட்டுடக் கூடாதுன்னு எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. நல்ல மனசுதான். ஆனா வண்டி வெச்சுப் பொழைக்க எனக்குத் துப்பில்லைங்கறது எனக்கே தெரியும். உங்களுக்குக் கட்டுச்சு, எனக்குக் கட்டலை. அவ்வளவுதான்.”

“பிச்சை, அல்லா மேல ஆணையா…”

“ஆணையெல்லாம் வேணாம் பாய்.” இப்போது அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “தனக்கு நஷ்டமா எவனாவது விலை சொல்வானா? நம்பற மாதிரி சொல்லுங்க.”

அப்போதுதான் மீரானுக்குப் புரிந்தது. இவன் நம்பமாட்டான். நம்பினால், பங்க் வாசலில் நாலு பேர் பார்க்கச் சொன்ன அந்த ஒரு சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பான்? நம்பாமல் இருந்தால், ஓட்டை வண்டியில் இல்லை, வீட்டில் இருந்தது, இப்போது அடைத்தாகிவிட்டது. பிச்சமுத்து எழுந்து கொல்லைப்பக்கம் கை கழுவப் போனான். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ராசாத்தி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. தண்டட்டி இல்லாத காது வெறுமையாகத் தொங்கியது.

“பாய்.”

“சொல்லும்மா.”

“ஒரு நடைக்கு எத்தனை காலன் புடிச்சுது?”

“மூணேகால்.”

“எங்களுக்கு மூணு,” என்றாள். “அப்ப எங்க வண்டி ஒழுங்காத்தான் ஓடியிருக்கு.”

அவள் உள்ளே போய் ஒரு தட்டைக் கழுவிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். ஓரத்தில் வதக்கின வாழைக்காய் வைத்தாள். பசியில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம்; சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிசைந்தான். முதல் வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினான். அவள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள்.

“வெள்ளைச்சாமிக்கு இந்தக் குழம்புன்னா உசுரு,” என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. “எந்த ஊர்ல யார் சோறு போடறாங்களோ.”

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிச்சமுத்து உள்ளே வரவில்லை.

மீரான் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல் தின்று முடித்தான். ராசாத்தி குனிந்து, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

“சாப்பிடுங்க பாய்,” என்றாள். “இருக்கு.”